ஆமென் வராத சாயங்காலங்கள்

தேரிக்காட்டில் ஆள் நடமாட்டம் குறைவு. செம்மணல், பனை, உடைமரம், மிச்சமெல்லாம் காற்று. அந்தக் காட்டின் ஓரத்தில் ஒரு சின்ன செபக்கூடமும் அதை ஒட்டி இரண்டு அறைகளும் இருந்தன. சிஸ்டர் எமரென்சியா அங்கே தனியாக இருந்தார். தன் சபையில் அனுமதி வாங்கிக்கொண்டு, தனிமையில் செபிக்க வந்தவர். நாற்பது வயதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும்.

தனியாகச் செபிக்க வந்தவரைச் சனங்கள் தனியாக விடுமா? விடவில்லை. ஆளுக்கொரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மகன் குடிக்கிறான், மருமகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, கடவுளுக்குக் காது கேட்கிறதா இல்லையா. சிஸ்டர் முக்கால்வாசிப் பேருக்குப் பதிலே சொல்வதில்லை. ஒரு முறம் முருங்கைக்கீரையை முன்னால் வைத்து ஆயச் சொல்வார். ஆய்ந்து முடிப்பதற்குள் சிலருக்குக் கேள்வி மறந்துபோகும். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். பெரிய ஞானி என்று அவருக்குப் பேர் வந்தது இப்படித்தான். பதில் சொல்லாதவர்களுக்கு அந்தப் பேர் சீக்கிரம் வந்துவிடுகிறது.

வியாகுலம் அங்கே வந்தபோது அவளுக்கு அறுபது வயதுக்கு மேல். கடற்கரை ஊர்க்காரி. புருஷன் இல்லை. ஒரே மகள் கல்யாணமாகிப் பம்பாயில் இருந்தாள். இரண்டு நாள் செபிக்கிறேன் என்று வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஊரில் வீடு இல்லையா என்று சிஸ்டர் கேட்டார்.

"வீடு இருக்கு சிஸ்டர். அந்தத் தெருவுல நடக்கத்தான் முடியல."

தன்னைச் சீடப்பிள்ளையாக வைத்துக்கொள்ளும்படி கேட்டாள். சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. தன்னைவிட மூத்த பொம்பளைக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது என்றார். செபிக்க மட்டும் சொல்லிக்கொடுங்கள், சமையல் எனக்கே தெரியும் என்றாள் வியாகுலம். உண்மைதான். அவள் வந்தபிறகுதான் அந்த அடுப்பில் ஒழுங்கான குழம்பு என்று ஒன்று கொதித்தது.

அவள் கதையை அவளே ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

வலைத் தகராறு ஒன்றில் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனை இவள் ஊர்க்காரர்கள் கரையில் வைத்து அடித்துக் கொன்றுவிட்டார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை என்று ஊர்க் கமிட்டி கூடி முடிவெடுத்தது. வியாகுலத்தின் புருஷன் சந்தியாகு பார்த்திருந்தார். கோர்ட்டில் போய்ப் பார்த்ததைச் சொல்லிவிட்டார். மறுவாரமே மைக்கில் அறிவித்தார்கள். அந்த வீட்டோடு பேச்சில்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது. மைக்கில் அதை வாசித்தது ஊர்த் தலைவர் கஸ்பார். வியாகுலத்தின் கூடப்பிறந்த அண்ணன்.

அதன்பிறகு வருஷக்கணக்கில் அந்த வீட்டோடு யாரும் பேசவில்லை. கடையில் தீப்பெட்டி கொடுக்கவில்லை. தெருவில் எதிரே வருகிறவர்கள் அவளைத் தாண்டிப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்தார்கள். கோயிலில் அவள் உட்கார்ந்த பாய் முழுக்க அவள் ஒருத்திதான். அப்படி இருக்கையில் ஒரு நாள் சந்தியாகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனார். சவப்பெட்டியைத் தூக்க ஊரில் நாலு ஆண்கள் கிடைக்கவில்லை. பங்குச் சாமியார் ஒரு பக்கம், வண்டி டிரைவர் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். அண்ணன் வீட்டைத் தாண்டித்தான் கல்லறைக்குப் போக வேண்டும். பெட்டி தெருமுனையில் திரும்பும்போது மாடிச் சன்னல் சாத்திக்கொண்டதை அவள் பார்த்தாள்.

பிறகு கமிட்டி மாறியது. ஒரு நாள் மைக்கிலேயே விலக்கை எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரி, என்னக்கா இன்னைக்கு என்ன குழம்பு என்று கேட்டாள்.

"அதத்தான் சிஸ்டர் தாங்க முடியல. பேசாம இருந்ததக்கூடத் தாங்கிட்டேன்."

சிஸ்டர் கீரைக்காம்புகளைத் தட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் இரண்டு பேரும் செபக்கூடத்தில் உட்கார்ந்து, ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சத்தமாகச் சொல்வார்கள். பிறர் செய்த தீமையை நாங்கள் பொறுப்பது போல எங்களையும் பொறுத்துக்கொள்ளும் என்று கேட்கிற இடம் வரும்போது வியாகுலத்தின் குரல் நின்றுவிடும். சிஸ்டர் அந்த வரியை மட்டும் தனியாகச் சொல்வார். அடுத்த வரியில் வியாகுலம் வந்து சேர்ந்துகொள்வாள். முதல் நாளிலிருந்தே இப்படித்தான். சிஸ்டர் ஏனென்று கேட்டதில்லை. வியாகுலமும் சொன்னதில்லை. சொல்லத்தான் என்ன இருக்கிறது? மனசில் இல்லாததை ஆண்டவர் முன்னால் சொன்னால் பொய் ஆகிவிடும், பொய் சொல்லாததற்காகத்தானே புருஷனைப் பறிகொடுத்தேன் என்பது அவள் கணக்கு.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் ஆட்டோவில் ஒரு பெண் வந்து இறங்கினாள். கஸ்பாரின் மருமகள் ஜெனோவா. மாமனாருக்கு வாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, டாக்டர் கையை விரித்துவிட்டார், வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று என்றாள். இன்னும் எத்தனை நாள் என்று சொல்ல முடியாதாம்.

"மாமா உங்களத்தான் கேக்காவ சித்தி. வேற யாரையும் கேக்கல."

வியாகுலம் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. ஆட்டோ போனபிறகு டம்ளரைக் கழுவினாள். கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். அப்புறம் சிஸ்டரிடம் வந்து நின்றாள்.

"மன்னிக்கணும்னா என்ன செய்யணும் சிஸ்டர்? சொல்லிக் குடுங்க. அவன் செத்துட்டா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது."

சிஸ்டர் அவளைப் பார்த்தார். கீரையும் கொடுக்கவில்லை, பதிலும் கொடுக்கவில்லை. சாயங்காலமாகிவிட்டது, செபத்துக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்குச் செபம் அந்த வரி வரைக்கும் வந்தது. வியாகுலத்தின் குரல் வழக்கம்போல நின்றது. சிஸ்டரின் குரலும் நின்றது. வெளியே பனையோலை உரசும் சத்தம் மட்டும் கேட்டது. வியாகுலம் ஓரக்கண்ணால் பார்த்தாள். சிஸ்டர் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து விளக்கைத் தணித்துவிட்டு வெளியே போனார். செபம் பாதியில் கிடந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. இரண்டு பேரும் அந்த வரி வரைக்கும் ஒன்றாக வருவார்கள். அங்கேயே நின்றுவிடுவார்கள். ஆமென் சொல்லாமல் எழுந்து போவார்கள். பகலில் சிஸ்டர் பேச்சையும் குறைத்துக்கொண்டார். சோற்றை அளைந்துவிட்டு வைத்தார். ஓ, நமக்குப் பாடம் நடக்கிறது என்று வியாகுலம் புரிந்துகொண்டாள். இப்படிப்பட்ட குருமார்களைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறாள். வாயால் சொல்லமாட்டார்கள், செய்து காட்டுவார்கள். முதலில் பயபக்தியாக இருந்தது. பிறகு உறுத்தியது. அண்ணன் அங்கே இழுத்துக்கொண்டு கிடக்கிறான், இவர் இங்கே நிதானமாகப் பாடம் நடத்துகிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சாயங்காலம், சிஸ்டர் விளக்கைத் தணிக்க எழுந்தபோது, வியாகுலம் எழவில்லை.

"ஊரு எனக்குச் செஞ்சதத்தான் இப்ப நீங்களும் செய்யிறிய சிஸ்டர்."

சிஸ்டர் திரும்பினார்.

"வாயத் தொறக்காம இருந்தே ஒரு மனுஷியக் கொல்ல முடியும். நான் அத அனுபவிச்சவ. மன்னிக்காதவளுக்கு இங்க இடமில்லன்னா சொல்லிருங்க, போயிருதேன். இப்படிப் பாடம் நடத்தாதிய."

"பாடமா?" என்றார் சிஸ்டர். அப்படியே தரையில் உட்கார்ந்தார். "நான் பாடம் நடத்தலக்கா. எனக்குச் சொல்ல வரல."

வியாகுலத்துக்கு விளங்கவில்லை.

"மடத்துல இருந்தப்ப எல்லாரோடயும் சேர்ந்து சொல்லுவேன். கூட்டத்துல யார் சொல்றா, யார் சொல்லலன்னு யாருக்குத் தெரியும்? இங்க தனியா வந்தப்புறம் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். அதுல நானே அந்த இடத்த வேகமாத் தாண்டிருவேன். நீங்க வந்தீங்க. அந்த ஒரு வரியில நீங்க நின்னுருவீங்க. என் குரல் மட்டும் தனியாக் கேக்கும். ஜெனோவா வந்துட்டுப் போன அன்னைக்கு, மன்னிக்கச் சொல்லிக் குடுங்கன்னு நீங்க கேட்டப்பத்தான் அது பொய்க்குரல்னு தெரிஞ்சுச்சு."

பிறகு மெதுவாகச் சொன்னார். இளவயதில் ஒரு மாணவியர் விடுதியைப் பார்த்துக்கொண்டாராம். அங்கே ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. வண்டி வேண்டும் என்று தலைமைச் சகோதரியிடம் ஓடினார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சாவியைக் கொடுக்க மறுத்தார். பிள்ளை இறந்துபோனது. விசாரணை வந்தபோது, எமரென்சியா என்னிடம் சொல்லவே இல்லை என்று தலைமைச் சகோதரி சொல்லிவிட்டார். எல்லாரும் அதை நம்பினார்கள். அந்தப் பிள்ளையின் தாய் இன்றைக்கும் நம்புகிறாள். என் மகளைக் கொன்றவள் என்று சிஸ்டரின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனாளாம். தனிமையில் செபிக்கத்தான் இங்கே வந்ததாக எல்லாரும் நினைக்கிறார்கள். மனுஷர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் வந்தேன் என்றார் சிஸ்டர்.

"அந்தத் தலைமைச் சகோதரி இப்ப எங்க இருக்காவ?" என்று வியாகுலம் கேட்டாள்.

"செத்துட்டாங்க. அடக்கத்துக்குப் போனேன். எல்லாரையும் போல மண் அள்ளிப் போட்டேன், பாட்டும் படிச்சேன். அவங்க உயிரோட இருந்தப்ப ஒரு நாள் நேர்ல போயிருக்கலாம். ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டிருக்கலாம். மன்னிச்சுட்டுத்தான் போகணும், கோபத்தோட போகக்கூடாதுன்னு காத்துக்கிட்டே இருந்தேன். அவங்க எனக்காகக் காத்திருக்கல."

வியாகுலம் நகர்ந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தக் காட்டில் தான் ஒருத்திதான் ஒற்றைமரமாக நிற்பதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. சிஸ்டரின் தோளைத் தொடலாமா என்று யோசித்துவிட்டுத் தொட்டாள்.

"எனக்குப் போக இடமில்லக்கா. உங்களுக்கு இருக்கு."

"மன்னிக்காம எப்படி சிஸ்டர் போக? சாகக் கிடக்குறவன் முன்னால போய் நடிக்கச் சொல்லுதியளா?"

"நடிக்க வேண்டாம். மன்னிக்காமலே போவோம்" என்றார் சிஸ்டர். "நானும் வாரேன்."

மறுநாள் காலை பஸ்ஸில் போனார்கள். ஊரில் இறங்கி நடக்கும்போது எதிரே வந்தவர்கள் எல்லாரும் வியாகுலத்திடம் பேசினார்கள். எப்ப வந்தீங்க, உடம்பு வத்திப்போச்சே, மகள் சுகமா இருக்காளா என்று கேட்டார்கள். அவள் ஒவ்வொருத்தருக்கும் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் விரல்கள் சிஸ்டரின் கையை இறுக்கின. அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். ஜெனோவா ஓடிவந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

கஸ்பாரை மாடி அறையிலேயே படுக்க வைத்திருந்தார்கள். முகம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மைக்கில் ஊரையே அதட்டிய குரல் கொழகொழவென்று வந்தது. ஆனாலும் புரிந்தது.

"வந்துட்டியா? சாப்ட்டியா?"

வியாகுலத்துக்கு ஆத்திரம் உச்சியில் ஏறியது. இத்தனை வருஷம் கழித்து இவனும் குழம்பைத்தான் கேட்கிறான். சாப்பிட்டேன் என்றாள். உட்காரச் சொன்னான், அவள் உட்காரவில்லை. அவன் ஏதேதோ சொன்னான். மருந்து கசக்கிறது என்றான், கடலில் மீனே இல்லை என்றான். அவள் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் அவனே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான்.

"ஏளா, அது ஊரு எடுத்த முடிவு. நான் வாசிச்சேன், அவ்வளவுதான்."

"பெட்டியத் தூக்க நாலு பேரு இல்லண்ணே" என்றாள் வியாகுலம். "நான் ஒரு பக்கம் தூக்குனேன். எம்மவ ஒரு பக்கம் தூக்குனா. உன் வீட்டு முன்னாலதான் போனோம். நீ சன்னலச் சாத்திட்ட. எங்களப் பாக்கக்கூட உனக்கு மனசு வரல."

ஜெனோவா தலையைக் குனிந்துகொண்டாள். கஸ்பாருக்குக் காதில் விழுந்ததா என்றே சந்தேகமாக இருந்தது. வாயோரத்தில் வழிந்ததை ஜெனோவா துடைத்துவிட்டாள்.

"பாத்தேன்" என்றான் அவன்.

"என்ன பாத்த?"

"சாத்திட்டு இடுக்கு வழியாப் பாத்தேன். நீ பின்பக்கம் பிடிச்சிருந்த. உன் செருப்பு ஒண்ணு கழண்டு போச்சு. நீ அத எடுக்கல. ஒத்தக் காலு வெறுங்காலா நடந்து போன. கல்லறை வாசல் வரைக்கும் பாத்தேன்."

வியாகுலம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எறங்கி வரணும்னு தோணலியா?"

"தோணுச்சு."

"அப்புறம் ஏன் வரல?"

"பயம்."

"நீதானே தலைவன். உனக்கு என்ன பயம்?"

"எல்லாரையும் பயங்காட்டி வச்சிருந்தேன்லா" என்றான். "நானே எறங்குனா என்னையும் விலக்கிருவானுவ. உன்னப் போல இருக்க என்னால முடியாது."

நல்லாயிருந்த கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து அவள் பக்கம் நீட்டினான். மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லையோ, சொல்ல வாய் வரவில்லையோ, யார் கண்டது. கை மட்டும் நீண்டுகொண்டிருந்தது.

வியாகுலம் அந்தக் கையைப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு திரும்பி மாடிப்படியில் இறங்கிவிட்டாள். சிஸ்டர்தான் கையைப் போர்வைக்குள் எடுத்துவைத்துவிட்டுப் பின்னால் வந்தார்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. கடற்காற்றில் மணல் பறந்து முகத்தில் அடித்தது. இரண்டு பேரும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள். வியாகுலம் அழுகிறாள் என்று சிஸ்டருக்குத் தெரிந்தது. அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"கைய நீட்டுனான். நான் பிடிக்கல. பாத்தியள்லா?"

"பாத்தேன்."

"பிடிக்கணும்னுதான் சிஸ்டர் நெனச்சேன். சத்தியமா நெனச்சேன். கை எழும்பல. அவன் பாக்கவே இல்லன்னு இத்தன வருஷம் நெனச்சிட்டிருந்தேன். அப்பக்கூட வயிறு இவ்வளவு எரியல. எல்லாத்தையும் பாத்துட்டு நின்னிருக்கான். ஒத்தச் செருப்பு முதற்கொண்டு பாத்திருக்கான். வந்ததே தப்போன்னு இருக்கு. உங்களையும் வீணா வெயில்ல அலைய வச்சிட்டேன்."

சிஸ்டர் முந்தானையை இறக்கி, பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தார். தூரத்தில் புழுதி தெரிந்தது.

"அவன் கிடக்குற கிடையைப் பாத்தா ரொம்ப நாள் தாங்க மாட்டான். எனக்கோ இன்னும் ஒண்ணுமே ஆறல. இப்ப நான் என்னதான் செய்ய சிஸ்டர்?"

பஸ் வந்து நின்றது. சிஸ்டர் முதலில் ஏறி, அவளுக்குக் கை கொடுத்தார்.

"நாளைக்கும் வருவோம்."